நெளியாத ட்ரே: வாங்குமுன் பார்க்க வேண்டியவை

ஓவனுக்குள்ளிருந்து 'டொப்' என்று ஒரு சத்தம் கேட்டால் பதற வேண்டாம். எதுவும் வெடிக்கவில்லை. ட்ரேயின் ஒரு மூலை மேலே எழும்பியிருக்கிறது, அவ்வளவுதான். அது சின்ன விஷயமா பெரிய விஷயமா என்பது ட்ரேயில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. முந்திரி வறுத்துக்கொண்டிருந்தால் நாலு பருப்பு ஒரு பக்கமாக உருளும். வெண்ணெய் பிஸ்கட் என்றால் எழும்பிய மூலையில் இருப்பவை வெளுத்தும், தணிந்த பக்கத்தில் இருப்பவை கருகியும் வரும். ஸ்லாப் கேக் என்றால் ஒரு ஓரம் இரண்டு விரல்கடை உயரம், எதிர் ஓரம் ஒன்றுகூட இருக்காது. கேக் பாதி வெந்த பிறகு அதைச் சரிசெய்ய வழியே இல்லை.

எல்லாவற்றையும்விட நஷ்டம் மக்ரூனுக்குத்தான். தூத்துக்குடி மக்ரூனில் இருப்பவை மூன்றே மூன்று: முட்டையின் வெள்ளைக்கரு, சீனி, முந்திரித் தூள். வெள்ளைக்கருவை நுரைக்க அடித்து, சீனியும் முந்திரியும் சேர்த்து, காகிதம் விரித்த ட்ரேயில் கூம்பு கூம்பாகப் பிழிந்து, குறைந்த சூட்டில் நெடுநேரம் காயவிட வேண்டும். நுரை இறுகுவதற்கு முன்னால் ட்ரே ஒரு தடவை குதித்தால் போதும். கூம்பின் நுனி சாயும், அடி விரியும். போர்ச்சுகீசியர் விட்டுப்போன பண்டம் இது என்பது ஊரில் சொல்லப்படும் கதை. பாதாமின் இடத்தில் இங்கே முந்திரி வந்து உட்கார்ந்துகொண்டது. அந்த முந்திரி மரத்தையும் பிரேசிலிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர்கள் அதே போர்ச்சுகீசியர்தான். தாமிரபரணி கடலில் சேரும் புன்னைக்காயல் 16ஆம் நூற்றாண்டில் அவர்களுக்கு முக்கியமான தளமாக இருந்தது என்பதால், கதையை முழுவதும் தள்ளிவிடவும் முடியாது.

இந்த அத்தியாயம் அந்த மாதிரிப் பலகாரங்களைத் தாங்கும் தட்டையான ட்ரேயைப் பற்றியது. கேக் டின், ரொட்டி அச்சு, மஃபின் தட்டு ஆகியவற்றின் சுவர்கள் உயரமாக இருப்பதால் அவை எளிதில் கோணுவதில்லை. கோணுவதெல்லாம் பரந்து, ஆழமில்லாமல் இருக்கும் ட்ரேதான்.

பேக்கரி ட்ரே ஏன் உழைக்கிறது

பாளையங்கோட்டையிலோ தூத்துக்குடியிலோ பழைய பேக்கரி ஒன்றின் பின்கட்டைப் பார்த்தவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி இது: அங்கே கன்னங்கரேலென்று, ஓரமெல்லாம் அடிபட்டு, வருஷக்கணக்காக ஓடிக்கொண்டிருக்கும் ட்ரே நேராக இருக்கிறது, வீட்டில் போன கிறிஸ்துமஸுக்கு வாங்கியது மட்டும் ஏன் படகு மாதிரி ஆகிவிட்டது?

பாதிக் காரணம் தகடு. அவர்களுடையது பெரும்பாலும் கனமான இரும்புத் தகட்டில் செய்தது. மீதிப் பாதி அடுப்பு. செங்கல் ஓவனில் விறகை எரித்து, தணலை ஒதுக்கிவிட்டுத்தான் ட்ரேயை உள்ளே தள்ளுகிறார்கள். சூட்டைக் கொடுப்பது நெருப்பு இல்லை. சூடேறிய தளமும் சுவரும் வளைவுக் கூரையும். நாலாபுறமும் சமமாக வருகிற சூடு அது. நேரம் போகப் போக அது மெதுவாகத் தணியும். ரொட்டியும் பன்னும் முதல் சூட்டில் வேகும். ரஸ்க், மக்ரூன் போலக் காய வேண்டியவை சூடு இறங்கிய பிறகு போகும். தகடு எங்கேயும் திடீரென்று அதிர்ச்சிக்கு ஆளாவதில்லை.

வீட்டில் இருக்கும் ஓடிஜி என்ற சின்ன மின்சார ஓவன் வேறு ஜாதி. அடியில் இரண்டு கம்பி, மேலே இரண்டு கம்பி. 1,200 முதல் 2,000 வாட் வரை இழுக்கும் அந்தக் கம்பிகள் ட்ரேக்கு நாலைந்து விரல்கடை தூரத்தில் செக்கச்செவேலென்று எரிகின்றன. கம்பிக்கு நேர் மேலே இருக்கும் தகடு முதலில் சுடும், இரண்டு கம்பிக்கும் இடையில் இருப்பது பிறகு சுடும், கதவோரம் கடைசியில் சுடும். தெர்மோஸ்டாட் அணைந்து அணைந்து எரிவதால் ஒரே கேக்குக்குள் இது பல தடவை நடக்கிறது. ஆகவே பேக்கரி ட்ரேயைவிட வீட்டு ட்ரே இன்னும் உறுதியாக இருக்க வேண்டும். கடைகளில் நடப்பது நேர் எதிர்: கனமான சாமான் பேக்கரிக்குப் போகிறது, வீட்டுக்காரர்களுக்கு மெல்லிய தகட்டில் பளபளப்பான பூச்சு.

ஓடிஜியோடு பெட்டியில் வரும் ட்ரேயைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அதில் பல, வழியும் எண்ணெயையும் உதிரும் துணுக்கையும் பிடிக்க அடியில் வைப்பதற்குத் தோதான மெல்லிய தகடுதான். அதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

தகடு ஏன் கோணுகிறது

சூட்டில் உலோகம் நீளும் என்பது பள்ளிக்கூடத்துப் பாடம். எவ்வளவு நீளும் என்பதுதான் ஆச்சரியம். 30 சென்டிமீட்டர் நீளமுள்ள ட்ரே ஒன்றை அறைச் சூடான 30 டிகிரியிலிருந்து 180 டிகிரிக்குக் கொண்டுபோனால், அலுமினியம் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் நீளும். எவர்சில்வர் முக்கால் மில்லிமீட்டர். சாதா இரும்பு அரை மில்லிமீட்டர்.

முழுத் தகடும் ஒன்றாக நீண்டால் தொந்தரவே இல்லை. ட்ரே கொஞ்சம் பெரிதாகும், ஆறியதும் பழைய அளவுக்கு வந்துவிடும். நடுப்பகுதி நீள, ஓரம் அப்படியே இருக்கும்போதுதான் வம்பு. நீண்ட பகுதிக்குப் போக இடமில்லை. மேலே எழும்பும், அல்லது கீழே தொய்யும். கணக்குப் போட்டுப் பார்த்தால், இரண்டு முனையும் நகராத 30 சென்டிமீட்டர் தகட்டில் அரை மில்லிமீட்டர் நீளம் மிஞ்சினாலே நடுவில் 7 மில்லிமீட்டருக்கு மேல் மேடு விழுந்துவிடும். எண்ணெயில் போட்ட கல்லிடைக்குறிச்சி அப்பளம் சுருண்டு எழுவது போலத்தான்; ஒரு பக்கத்துக்கு முந்திச் சூடு கிடைத்துவிடுகிறது.

இந்தக் கோணலில் இரண்டு வகை உண்டு. ஆறியதும் தானாகத் திரும்புவது ஒன்று. அதே நிலையில் நின்றுவிடுவது இன்னொன்று. முதலாவது அடிக்கடி நடந்தால் இரண்டாவதில் போய் முடியும். தகட்டை அச்சில் அழுத்தி ட்ரே செய்யும்போதே மூலைகளில் ஒரு இறுக்கம் தங்கிவிடுகிறது. மலிவான ட்ரேயில் அந்த இறுக்கம் முதல் சூட்டிலேயே அவிழ்ந்து, ட்ரே தன் சுயரூபத்தைக் காட்டும்.

எந்த உலோகம்

சூடு தகட்டில் பரவும் வேகத்தை முதலில் பாருங்கள். அலுமினியம் சாதா இரும்பைவிட மூன்று நாலு மடங்கு வேகமாகச் சூட்டைப் பரப்பும். இரும்பு எவர்சில்வரைவிட மூன்று மடங்கு. இதிலிருந்து பாதி விடை கிடைத்துவிடுகிறது. அலுமினியம் அதிகம் நீளும் உலோகம்தான். ஆனால் கம்பிக்கு மேலே ஏறிய சூட்டை உடனே பக்கத்துக்குக் கடத்திவிடுவதால் முழுத் தகடும் சேர்ந்தே நீளும். இரும்பு மெதுவாகக் கடத்தும். ஆனால் நீள்வதும் குறைவு, விறைப்பும் அதிகம்.

இரண்டு குறையும் ஒருங்கே அமைந்தது எவர்சில்வர். சூட்டைப் பரப்பாது, நீள்வதும் இரும்பைவிட அதிகம். மெல்லிய எவர்சில்வர் ட்ரேயை நான் யாருக்கும் சொல்வதில்லை. திருநெல்வேலிப் பக்கத்தில் எந்த வீட்டிலும் கல்யாணச் சீராக வந்த எவர்சில்வர் தாம்பாளம் ஒன்றிரண்டு இருக்கும். அதையே ஓவனில் வைத்துவிடலாமே என்று தோன்றும். நல்ல கனமான வட்டத் தாம்பாளம் என்றால் நான்கத்தாய்க்குப் பரவாயில்லை. செவ்வகத் தட்டு வேண்டாம். பித்தளைத் தாம்பாளமா? உள்ளே ஈயம் பூசியிருந்தால் வைக்கவே வைக்காதீர்கள். பாத்திரத்துக்குப் பூசும் வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும். ஓடிஜியின் திருகு 250 வரை போகிறது.

எனவே போட்டி அலுமினியத்துக்கும் இரும்புக்கும்தான். என் ஓட்டு அலுமினியத்துக்கு, அதற்குக் காரணம் நம் ஊர்க் காற்று. கேக் போடும் காலமும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றாகவே வருகின்றன. தூத்துக்குடி, திருச்செந்தூர்ப் பக்கம் உப்புக்காற்று வேறு. ஆனி, ஆடியில் தென்காசி, குற்றாலம் பக்கத்துச் சாரலில் அலமாரிக்குள் இருக்கும் இரும்புகூடப் பூத்துவிடும். தினமும் சுடுகிற பேக்கரியில் எண்ணெய்ப் பசை ஏறிய இரும்பு ட்ரேக்குத் துரு பிடிக்க நேரமே இருக்காது. மாதம் இரண்டு தடவை ஓவனைத் திறக்கும் வீட்டில் அப்படி முடியாது. வாரத்துக்கு மூன்று நாலு தடவை சுடுபவர், வீட்டிலிருந்தே ஆர்டர் எடுப்பவர் என்றால் இரும்பு ட்ரே அருமையான சாமான். வாங்கியதும் கழுவித் துடைத்து, எண்ணெயை மெல்லிசாகத் தடவி, 200 டிகிரியில் ஒரு மணி நேரம் சுட்டு எடுத்துப் பழக்க வேண்டும். தோசைக்கல் பழக்கத் தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அலுமினியம் நம் சமையலறைக்குப் புதிதில்லை. ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்பவர் 1890களின் கடைசியில் சென்னைக் கலைப் பள்ளியில் அலுமினியப் பாத்திரம் செய்யத் தொடங்கிய நாளிலிருந்து கணக்குப் போட்டால் ஒன்றேகால் நூற்றாண்டு ஆகிறது. பிறகு வந்த இண்டாலியம் என்பதும் அலுமினியக் கலவைதான். சுத்த அலுமினியத்தைவிடக் கடினம், அதனால் ட்ரேக்கு இன்னும் நல்லது. புளிப்புப் பண்டத்தை மட்டும் வெறும் அலுமினியத்தில் நேரடியாக வைக்காதீர்கள். தக்காளியோ எலுமிச்சையோ சேர்ந்தது என்றால் அடியில் பேக்கிங் பேப்பர் விரித்துவிடுங்கள்.

தராசில் வைத்துப் பாருங்கள்

உலோகத்தைவிடப் பெரிய விஷயம் கனம். தகட்டின் விறைப்பு அதன் கனத்தின் மும்மடியாக ஏறுகிறது. அரை மில்லிமீட்டர் தகட்டை 1 மில்லிமீட்டர் ஆக்கினால் விறைப்பு இரண்டு மடங்கு இல்லை, எட்டு மடங்கு. ட்ரே விஷயத்தில் காசு கொடுக்கத் தகுந்த ஒரே இடம் இதுதான் என்பேன்.

ஆனால் கனத்தைக் கடையில் எப்படித் தெரிந்துகொள்வது? பெட்டியில் கேஜ் எண் போட்டிருந்தாலும் குழப்பம்தான். எண் ஏற ஏறத் தகடு மெலியும் என்பது ஒன்று. எந்த நாட்டுக் கேஜ் என்பது இன்னொன்று. 18 கேஜ் என்றால் பிரிட்டிஷ் கணக்கில் 1.22 மில்லிமீட்டர்; அமெரிக்காவில் அலுமினியத்துக்குப் போடும் கணக்கில் 1.02 மில்லிமீட்டர். இதே பிரிட்டிஷ் கணக்கில் 20 கேஜ் 0.91, 22 கேஜ் 0.71, 24 கேஜ் 0.56. ஆகவே மில்லிமீட்டரில் கேளுங்கள். கேட்டால் பதில் இப்படித்தான் வரும்:

"அண்ணாச்சி, இது எத்தனை மில்லி கனம்?"

"கனமெல்லாம் நல்லா இருக்கும்மா. ஓட்டல்காரங்க வாங்கிட்டுப் போற சாமாம்லா."

"தராசுல ஒரு தடவை வச்சுச் சொல்லுங்க அண்ணாச்சி."

தராசு அங்கேயே இருக்கும். திருநெல்வேலி டவுன் ரத வீதிகளிலும் சரி, வேறு ஊர்களிலும் சரி, அலுமினியப் பாத்திரத்தை எடைபோட்டு விற்பதுதான் பாத்திரக் கடைப் பழக்கம். ட்ரேயை உருப்படி விலைக்கு விற்றாலும் எடை பார்ப்பதை யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

எடையிலிருந்து கனத்தைக் கண்டுபிடிப்பது சின்னக் கணக்கு. 30 சென்டிமீட்டர் நீளம், 25 சென்டிமீட்டர் அகலம், 2 சென்டிமீட்டர் உயரமுள்ள ட்ரேயை எடுத்துக்கொள்வோம். அடிப்பரப்பு 750 சதுர சென்டிமீட்டர். நாலு பக்கச் சுவரும் சேர்ந்து 220. மொத்தம் 970. தகடு 1 மில்லிமீட்டர் என்றால், அதாவது 0.1 சென்டிமீட்டர் என்றால், 97 கன சென்டிமீட்டர் உலோகம். அலுமினியம் ஒரு கன சென்டிமீட்டர் 2.7 கிராம், ஆக ஏறக்குறைய 260 கிராம். விளிம்பு மடிப்பும் அதற்குள் வைத்த இரும்புக் கம்பியும் சேர்ந்தால் 350 கிராமை நெருங்கும். அதே அளவு ட்ரே வெறும் 150 கிராம்தான் இருக்கிறது என்றால் தகடு அரை மில்லிமீட்டரைச் சுற்றித்தான் இருக்கும். அதைத் திரும்ப அடுக்கிலேயே வைத்துவிடலாம். இரும்புக்கு 2.7க்குப் பதில் 7.85ஆல் பெருக்குங்கள். 1 மில்லிமீட்டர் இரும்பு ட்ரே முக்கால் கிலோவைத் தாண்டும்.

இரும்பில் அவ்வளவு கனம் தேவையும் இல்லை. அலுமினியத்தைப் போல இரும்பு ஏறக்குறைய மூன்று மடங்கு விறைப்பானது; மும்மடிக் கணக்கில் பார்த்தால் 0.7 மில்லிமீட்டர் இரும்பும் 1 மில்லிமீட்டர் அலுமினியமும் வளையாமல் நிற்பதில் ஒன்றுதான். கனம் இரும்பு என்றால் 0.7 மில்லிமீட்டருக்கும், அலுமினியம் என்றால் 1 மில்லிமீட்டருக்கும் குறையக் கூடாது என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆன்லைனில் வாங்குபவர்களும் இந்தக் கணக்கைப் போடலாம். அளவும் எடையும் அங்கே எழுதியிருக்கும். எடையைச் சொல்லாத விற்பனையாளரிடம் ட்ரே வாங்குவதைவிட வாங்காமல் இருப்பது மேல்.

விளிம்பும் காந்தமும்

ட்ரேயின் எலும்பு விளிம்பில் இருக்கிறது. தகட்டின் ஓரத்தை அப்படியே வெட்டி விட்டிருந்தால் அது கையையும் கிழிக்கும், கோணவும் செய்யும். ஓரத்தை உருட்டி மடித்திருந்தால் நல்லது. மடிப்புக்குள் இரும்புக் கம்பி வைத்து உருட்டியிருந்தால் மிக நல்லது. அமெரிக்காவின் மினியாபோலிஸ் நகரில் 1946இல் தொடங்கிய நார்டிக் வேர் என்ற நிறுவனத்தின் அலுமினிய ட்ரேகளுக்குப் பேர் வாங்கிக்கொடுத்ததில் அந்தக் கம்பி விளிம்புக்குப் பங்கு உண்டு. நம் ஊர்த் தகர வேலைக்காரர்கள் எண்ணெய்ப் புனலுக்கும் வாளிக்கும் காலங்காலமாகச் செய்துவருவதும் இதே கம்பி மடிப்புத்தான்.

கம்பி உள்ளே இருக்கிறதா என்று பார்க்க, ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் காந்தத்தைக் கையோடு எடுத்துப் போங்கள். அலுமினியத் தகட்டில் அது ஒட்டாது. விளிம்பில் மட்டும் ஒட்டினால் உள்ளே இரும்புக் கம்பி உண்டு. தட்டு முழுக்க ஒட்டினால் அது பெரும்பாலும் இரும்பு, மேலே என்ன பூச்சு இருந்தாலும் சரி. எங்கேயும் ஒட்டாமல், தூக்கினால் மட்டும் கனக்கிறது என்றால் எவர்சில்வராக இருக்கலாம். அதிலும் மூலைகளில் காந்தம் லேசாக இழுக்கும், அழுத்தி வளைத்த இடம் என்பதால்.

பிறகு ட்ரேயைக் கடையின் கண்ணாடி மேஜைமேல் வையுங்கள். தரையில் வேண்டாம், தரை சமமாக இருக்கும் என்று நம்ப முடியாது. எதிரெதிர் மூலைகளை மாற்றி மாற்றி அழுத்தினால் ஆடக் கூடாது. கண்ணுக்கு நேராகத் தூக்கி, ஒரு விளிம்பு வழியாக எதிர் விளிம்பைப் பாருங்கள். இரண்டும் ஒரே கோட்டில் படிய வேண்டும். கடைசியாகக் கட்டைவிரலால் நடுவில் அழுத்துங்கள். 'டொக்' என்று உள்ளே போய்த் திரும்பி வந்தால், ஓவனில் அது என்ன செய்யும் என்பதை இப்போதே சொல்லிவிட்டது.

அடியில் வரிவரியாகவோ கட்டம் கட்டமாகவோ புடைப்பு வைத்த ட்ரேகள் வருகின்றன. புடைப்பு தகட்டை விறைப்பாக்கும் என்பது உண்மை. சிக்கனுக்கும் காய்கறிக்கும் அது சரி. மக்ரூனுக்கும் பிஸ்கட்டுக்கும் அந்த வரி அடியில் பதிந்துவிடும். புடைப்பைக் காட்டி மெல்லிய தகட்டை விற்பதும் உண்டு, ஆகவே தராசை விட வேண்டாம்.

ஐ.எஸ்.ஐ. முத்திரை பற்றிக் கேட்பார்கள். எவர்சில்வர், அலுமினியப் பாத்திரங்களுக்கு அதைக் கட்டாயமாக்கி மத்திய அரசு 2024 மார்ச்சில் ஆணை போட்டது; அலுமினியத்துக்கு உரிய தர எண் ஐ.எஸ். 1660. முத்திரை இருப்பது நல்லதுதான். மேஜைமேல் வைத்துப் பார்க்கும் வேலையை அது மிச்சப்படுத்தாது.

அளவு

இங்கேதான் பலரும் பணத்தை விரயம் செய்கிறார்கள். வெளிநாட்டுச் சமையல் குறிப்புகளில் வரும் 'ஹாஃப் ஷீட்' ட்ரே 46 சென்டிமீட்டருக்கு 33 சென்டிமீட்டர். அது பெரிய ஓவனுக்கானது. 25, 30 லிட்டர் ஓடிஜிக்குள் நுழையாது. 'குவார்ட்டர் ஷீட்' 33க்கு 23 என்ற அளவில் வருகிறது. அதுவும் எல்லா ஓடிஜிக்கும் கொள்ளாது.

உள்ளே கொள்வதும் போதாது. ட்ரேயைச் சுற்றி நாலு பக்கமும் இரண்டு சென்டிமீட்டராவது இடைவெளி வேண்டும். இடைவெளி இல்லாவிட்டால் அடிக்கம்பியின் சூடு மேலே வர வழியில்லாமல் ட்ரேக்கு அடியிலேயே தேங்கும்; அடி கருகும், மேல் வேகாது, தகடும் கோணும். பழைய அட்டைப்பெட்டி ஒன்றை வெட்டி, உள்ளே வைத்து, கதவை மூடிப் பாருங்கள். சரியாக அமைந்த அட்டையை மடிக்காமல் கடைக்கு எடுத்துப் போங்கள். விளிம்பின் வெளிப்புறத்தோடு அட்டையை ஒப்பிட வேண்டும், அடிப்பரப்போடு ஒப்பிடக் கூடாது.

ஒரே அளவில் இரண்டு விலையில் இருந்தால் விலை கூடியதை. ஒரே விலையில் இரண்டு அளவில் இருந்தால் சின்னதை. சின்ன ட்ரே கோணுவது குறைவு.

பூச்சு

ஒட்டாத கறுப்புப் பூச்சு நெளிவதைத் தடுக்காது. பூச்சுக்கு அடியில் பெரும்பாலும் மெல்லிய இரும்புத் தகடு இருக்கும். கறுப்பு நிறம் கம்பியின் சூட்டை அதிகமாக இழுப்பதால் பலகாரத்தின் அடி சீக்கிரம் சிவக்கும். அப்படிப்பட்ட ட்ரேயில் 10, 15 டிகிரி குறைத்து வையுங்கள். டெஃப்ளான் வகைப் பூச்சு 260 டிகிரிக்கு மேல் கெடத் தொடங்கும். மேல்கம்பியை மட்டும் எரியவிட்டு கிரில் செய்யும்போது ட்ரே அதை நெருங்கிவிடலாம். பூச்சில்லாத ட்ரேயும் பேக்கிங் பேப்பரும் இருந்தால் இந்தக் கவலை எதுவும் கிடையாது.

செய்து வாங்குவதென்றால்

ஓடிஜியின் அளவு ஏறுமாறாக இருந்தால், தகர வேலை செய்பவரிடம் சொல்லிச் செய்து வாங்குவது நல்ல யோசனை. தகட்டை நீங்களே வாங்கிக் கொடுப்பது இன்னும் நல்லது. 18 கேஜ் அலுமினியத் தகடு, புதிது. மூலையை வெட்டி ஈயப்பற்று வைக்கச் சொல்லாதீர்கள்; காகித உறை மடிப்பது போல மடித்து உள்ளே தள்ளச் சொல்லுங்கள். பற்றுவைக்கும் ஈயத்தில் காரீயம் கலந்திருக்கலாம், அது சாப்பாட்டில் சேரக் கூடாது. பழைய எண்ணெய் டின்னை விரித்துச் செய்து தருகிறேன் என்றாலும் வேண்டாம். நாகத் தகடும் வேண்டாம். துருப்பிடிக்காமல் இருக்க அதன்மேல் ஏற்றியிருக்கும் துத்தநாகம் புளிப்பில் கரையும். ஓரத்துக்குள் கம்பி வைத்து மடிக்கச் சொல்லிவிட்டு, கம்பியின் இரண்டு நுனியும் மூலையில் சந்திக்காமல் நீளப்பக்கத்தின் நடுவில் சந்திக்கும்படி கேளுங்கள். மூலையில் விட்டால் முதலில் அவிழ்வது அந்த இடம்தான்.

வைத்துக்கொள்வது

நல்ல ட்ரேயையும் இரண்டு பழக்கம் கெடுத்துவிடும். சூட்டோடு குழாயடியில் பிடிப்பது முதலாவது. 'சுர்ர்' என்று வரும் அந்தச் சத்தத்தில் ஓவனால் முடியாத கோணலைத் தண்ணீர் செய்து முடித்துவிடும். ஈரமான கிரானைட் மேடையில் வைப்பதும் கிட்டத்தட்ட அதேதான். கம்பி ஸ்டாண்டில் ஆறவிடுங்கள். இரண்டாவது, ட்ரேயின் ஒரு மூலையில் மட்டும் பண்டத்தை வைப்பது. பண்டம் இருக்கும் இடம் குளிர்ந்தே இருக்கும், வெறும் இடம் சுட்டுப் பழுக்கும். நாலே நாலு பிஸ்கட் என்றாலும் நாலையும் பரப்பி வையுங்கள். ஃப்ரீசரிலிருந்து எடுத்த கட்லெட்டை நேரே சூடான ட்ரேயில் வைக்க வேண்டாம். கொஞ்ச நேரம் வெளியில் இருக்கட்டும்.

கேஸ் அடுப்பில் நேரடியாக வைத்து அடியைச் சுரண்டுவதும், அலுமினியத்தைக் காஸ்டிக் சோடா கலந்த பொடியால் தேய்ப்பதும் கூடாது. நிறம் கறுத்தால் கறுத்துவிட்டுப் போகட்டும்.

ஏற்கெனவே நெளிந்த ட்ரே இருந்தால், பலகைமேல் துணி விரித்து, மரச் சுத்தியலால் மெதுவாகத் தட்டி நேராக்கலாம். அடுத்த சூட்டில் அது திரும்பவும் கோணும் என்பதைத் தெரிந்துகொண்டே தட்டுங்கள். மோர்மிளகாயும் சுண்டைக்காய் வற்றலும் மாடியில் காயவைக்க அதைவிடத் தோதான ஏனம் கிடையாது.

புது ட்ரே வீட்டுக்கு வந்த அன்றே ஒரு சோதனை பாக்கி இருக்கிறது. கழுவித் துடைத்து, எதுவும் வைக்காமல், ஓவனின் நடுத்தட்டில் 200 டிகிரியில் பத்து நிமிடம் வையுங்கள். ஓவனை அணைத்து, உள்ளேயே முழுக்க ஆறவிடுங்கள். இடையில் ஒரு தடவை சத்தம் வந்தால் மன்னித்துவிடலாம். ஆறிய பிறகு மேஜைமேல் வைக்கும்போது ஆடினால் அதற்கு மன்னிப்பே கிடையாது, மறுநாளே திருப்பிக் கொடுங்கள். பில் இல்லாமல் மாற்றித் தர மாட்டார்கள். வாங்கும்போதே பில்லைக் கேட்டு வாங்கி, ஒரு வாரமாவது பத்திரமாக வைத்திருங்கள்.